பூந்திக்குச் சீவிவிட்ட கை

கண்ணுங்களா, கடையை உங்க கையில உட்டுட்டு நான் ஊட்டுல உக்காந்த பொறவும், யாராச்சும் ஒருத்தர் போன் போட்டு, "அக்கா, கஸ்டமருக்கு எந்த பிரஷ் வாங்கச் சொல்றது?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கறீங்க. எனக்குச் சிரிப்பும் வருது, கோவமும் வருது. கடையில விக்கிற பிரஷ் எல்லாம் நல்ல பிரஷ்தான் சாமி. அதைப் புடிக்கிற கையும் பெரும்பாலும் நல்ல கைதான். நல்ல சீப்பு, நல்ல கை, தங்கமான மனசு, மூணும் ஒன்னாச் சேர்ந்து ஒரு நாயைப் பாடாப் படுத்தினதை நான் பார்த்திருக்கேன். அதை ஒரு தடவை முழுசாச் சொல்லிடறேன். அப்புறம் பிரஷ் பத்திக் கேட்டா போனை வச்சுருவேன், சொல்லிட்டேன்.

புதுசா வந்திருக்கற புள்ளைங்களுக்கு என்னைத் தெரியாது. நான் ராசிபுரத்து நெசவுக் குடும்பம். கட்டிக்கிட்டு சேலம் வந்தப்போ மொதல்ல பொம்பளைங்களுக்கு பியூட்டி பார்லர்தான் வச்சேன். புருவம் ஒரு பக்கம் ஏறிருச்சு, ஒரு பக்கம் எறங்கிருச்சுன்னு தினம் ஒரு பஞ்சாயத்து. சீன்னு ஆயிருச்சு. பெங்களூர் போய் நாய்க்கு முடி வெட்டக் கத்துக்கிட்டு வந்தேன். எங்க ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் மூக்கு மேல விரலை வச்சாங்க. "நாய் கடிக்கும், ஆனா குறை சொல்லாது"ன்னு சொல்லிட்டு கடையைத் திறந்துட்டேன். கடியும் வாங்கினேன், பேரும் வாங்கினேன். மணிக்கட்டு தேஞ்சுபோய் கத்திரி புடிக்க முடியாமதான் உங்ககிட்ட ஒப்படைச்சேன்.

ஒன்னு மட்டும் நெனப்புல வச்சுக்கங்க. நம்ம டேபிள் மேல நாய் நிக்கறது எப்பவாச்சும் ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் அது அவங்கவங்க ஊட்டுல, அவங்கவங்க கையில இருக்குது. நம்ம செய்யற வேலையைவிட, நம்ம சொல்லி அனுப்பற வார்த்தைதான் அந்த நாய்கூட ரொம்ப நாள் குடியிருக்கும்.

சொன்னதைக் கேக்காதவங்க செய்யற கூத்தெல்லாம் சிரிச்சுட்டுப் போயிடலாம். குமாரபாளையத்துல தறி வச்சிருந்த ஒரு அண்ணன், பொமரேனியனுக்கு விளக்கெண்ணெய் தடவி, நடு வகிடு எடுத்து, வழிச்சுச் சீவி, நெத்தியில பொட்டும் வச்சுக் கொண்டாந்தார். "ஏனுங்கண்ணா, நேரா பொண்ணு பாக்கப் போறீங்களா?"ன்னு கேட்டேன். அவரும் சிரிச்சார். "முடி நல்லா வளரட்டும்னுதானுங்க"ன்னார். தெருப் புழுதி பூராவும் அந்த எண்ணெயில ஒட்டி, வெள்ளை நாய் செம்மண் நாய் ஆயிருந்துச்சு. ரெண்டு வாட்டி ஷாம்பு போட்டேன், சரியாப் போச்சு.

நான் சொல்ல வந்தது, சொன்னதைச் சொன்னபடி செஞ்சவங்களைப் பத்தி.

அவங்க பேரு ஜெசிந்தா. சேலம் டவுன்லயே, சர்ச்சுக்குப் பின்னாடித் தெருவுல ஊடு. வீட்டுக்காரர் பேரு அருள், லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருந்தார். மனுசன் நல்லவர், பேச்சு மட்டும் வெடுக்குன்னு வந்து விழும். அந்தம்மா அதுக்கு நேர் எதிர். எதையும் மனசுக்குள்ளயே போட்டுப் பூட்டி வச்சுக்குவாங்க.

கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட ஒரு கோல்டன் ரிட்ரீவர் குட்டியை இடுப்புல வச்சுக்கிட்டு வந்து நின்னாங்க. அப்பத்தான் சட்டியில இருந்து அரிச்சு எடுத்த பூந்தி நெறம். பேரும் பூந்தி. இதுக்கு முன்னாடி அவங்க வாங்கின குட்டி பார்வோ சீக்கு வந்து, என்ன ஏதுன்னு பாக்கறதுக்குள்ள போயிருச்சாம். அதனால இவனைத் தரையில உடவே பயம். "இவனுக்கு ஒன்னும் ஆகக் கூடாதுக்கா. நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன்"ன்னாங்க. அதைச் சொல்றப்பவே கண்ணு கலங்கிருச்சு.

குளிப்பாட்டி, நகம் வெட்டி, கையில ஒரு ஸ்டீல் சீப்பைக் கொடுத்தேன். "ஒரு நாள் கூட உடாம சீவணும் ஜெசிந்தா. மேலாப்ல தடவிட்டு உட்டா அடிமுடி சிக்குப் புடிச்சுக்கும். காதுக்குப் பின்னாடி, பொடனி, தொடை, இங்கெல்லாம் அழுத்திச் சீவுங்க. நெளிவான், துள்ளுவான். அதுக்கு எரக்கப்பட்டு உட்டுராதீங்க, குட்டியிலயே பழக்கணும்"ன்னு சொன்னேன். பொடனின்னா கழுத்துக்குப் பின்பக்கம், டவுன் புள்ளைங்களுக்காகச் சொல்றேன். நான் சொன்னது நம்ம எல்லாரும் சொல்றதுதான். நேத்துக்கூட நீங்க யாருக்காச்சும் சொல்லியிருப்பீங்க. அதுல ஒரு வார்த்தை தப்பில்ல.

அந்தம்மா அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டாங்க. நடுவுல ஒருக்கா போன் பண்ணி, "தினம் பொழுதோட உக்காந்து சீவறேன்க்கா, முடி பட்டு மாதிரி கெடக்கு. கடைக்குக் கொண்டு வரணுமா?"ன்னு கேட்டாங்க. சந்தோசமாப் போச்சு எனக்கு. ஊட்டுல ஒழுங்காச் சீவற கஸ்டமர் நமக்குக் கெடைக்கறது கோயில் பிரசாதம் கெடைக்கற மாதிரி. "அவசரமில்ல சாமி, மழைக்கு முன்னாடி ஒரு தடவை கொண்டாங்க போதும்"ன்னேன்.

மழைக்கு முன்னாடி வந்தாங்க. வந்த விதம்தான் வேற.

தீபாவளி நெருக்கம், கடையில கூட்டம். அருள் முன்னாடி பூந்தியை இழுத்துக்கிட்டு வர்றார். பூந்தி நல்லா ஆளாகி நிக்கறான், மார்ல ஒரு பெல்ட், வாயில வாய்க்கூடு. பின்னாடி ஜெசிந்தா, வலது கையில கட்டு. வெளியே அவங்க காருக்குப் பின்னாடி ஒரு குட்டியானை லோடு வண்டி இஞ்சின் ஓடிக்கிட்டே நிக்குது.

"அக்கா, மிஷின் போட்டு மொட்டையா அடிச்சு உட்டுருங்க"ன்னார் அருள். "ஓமலூர்ல சிநேகிதன் தோப்புக்கு அனுப்பறேன். அங்க சங்கிலியில கட்டிப் போட்டாச்சுன்னா யார் உக்காந்து சீவப் போறாங்க?"

"ஏனுங்க, என்னாச்சு?"

"கடிக்கிறான். இவ கையைப் பாருங்க, தையல் போட்டிருக்கு. அதைக்கூட வீட்டோட போச்சுன்னு விட்டுரலாம். நேத்து பக்கத்து வீட்டுப் பாப்பா ஆசையாக் கழுத்தைக் கட்டிப் புடிச்சிருக்கு, மூஞ்சிக்கு நேரா பாஞ்சுட்டான். நூல் இழையில தப்பிச்சுது புள்ள. அவங்க வாசல்ல வந்து நின்னு கத்தறாங்க. அவங்க கேக்கறதுலயும் நியாயம் இருக்குல்ல?"

நியாயம் இருந்துச்சு. நாய்க்காக நான் எவ்வளவு வேணா பேசுவேன், ஆனா ஒரு புள்ள மூஞ்சி விசயத்துல எதிர்த்துப் பேச மாட்டேன். ஜெசிந்தா சுவத்துல சாஞ்சு நின்னு பூந்தி வாலையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அந்த வால் அவங்களைப் பாத்து ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

டேபிள்ல ஏத்தினேன். மிஷினை எடுத்தேன். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். இன்னும் மூணு நாய் வரிசையில கெடக்குது. இந்த மாதிரி நேரத்துல நம்ம கை என்ன செய்யும்னு உங்களுக்கே தெரியும். பொடனியில மிஷினை வச்சு, வாலு வரைக்கும் ஒரே இழுப்பு. சீக்கிரம் முடியற வழி அதுதான். நானும் அப்படித்தான் ஆரம்பிப்பேன். அன்னைக்கு என்னமோ, அருள் முன்பக்கம் தலையைப் புடிச்சுக்கிட்டு நின்னதால, பின்னங்கால்ல இருந்து ஆரம்பிச்சேன்.

காலைத் தூக்கினேன், கொடுத்தான். அடிவயித்துல மிஷின் போச்சு, நின்னான். வாலைப் புடிச்சேன், திரும்பி என் கையை நக்கப் பாத்தான், வாய்க்கூடு தடுத்துச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. கடிக்கிற நாய்ங்களை நான் வருசக்கணக்காப் பார்த்திருக்கேன். கடிக்கிற நாய் காலைக் கொடுக்காது. அதுலயும் வாலைத் தொட உடவே உடாது.

தோள்கிட்ட வந்தேன். ஒடம்பு கட்டை மாதிரி இறுகிருச்சு. கண்ணுல வெள்ளை தெரியுது. இன்னும் நான் தொடவே இல்ல, கை அந்தப் பக்கம் போனதுக்கே நடுங்கறான்.

மிஷினை அணைச்சுக் கீழ வச்சேன்.

"என்னக்கா?"ன்னார் அருள். "சித்த இருங்க"ன்னேன். "வண்டி நிக்குதுக்கா"ன்னார். "நிக்கட்டும்"ன்னேன். கொஞ்சம் வேகமாவே சொல்லிட்டேன் போல.

குனிஞ்சு மோந்து பார்த்தேன். ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துபோன வாடை. லேசாத்தான், ஆனா இருந்துச்சு. சீப்பு எடுக்கல. விரலை மட்டும் முடிக்குள்ள மெதுவா, மெதுவா உட்டேன். மேல் முடி நெசமாவே பட்டு மாதிரி இருந்துச்சு, ஒரு சிக்கு இல்ல. அவ்வளவு நல்லாச் சீவியிருந்தாங்க. அடியில தோல்கிட்டப் போனப்போ விரல்ல ஒரு மேடு தட்டுச்சு. பாவாடை நாடா கோக்கற மடிப்பு இருக்குல்ல, அந்த மாதிரி. கழுத்தைச் சுத்தி ஒரே கோடா ஓடுது. மடிப்பு இருந்தா உள்ள நாடா இருக்கணும்.

பூந்தி கத்தல. அவன் ஒடம்பு பூரா ஒரு தடவை ஒதறுச்சு, அவ்வளவுதான்.

அங்கதான் நான் ரெண்டு விசயம் முடிவு பண்ண வேண்டியிருந்துச்சு, அதைக் கவனமாக் கேளுங்க. மொதல் விசயம், கத்திரி கையிலயே இருக்குது. உள்ள என்ன இருக்குன்னு பாத்து வெட்டி எடுத்துட்டா நான் கெட்டிக்காரின்னு பேர் வரும். ஆனா தோல் மூடிப்போன எடத்துல எது நூல், எது நரம்புன்னு என் கண்ணுக்குத் தெரியாது. நம்ம வேலை முடியோட முடிஞ்சு போச்சு. தோலுக்கு அந்தப்பக்கம் டாக்டரோட வேலை. கத்திரியைத் தூர வச்சுட்டேன்.

"அருள், இவனைத் தோப்புக்கு அனுப்பாதீங்க. இது கடிக்கிற நாய் இல்ல, வலிக்கிற நாய்"ன்னேன்.

அவர் நம்பல. நாய்க்காக நான் சாக்குச் சொல்றேன்னு நெனச்சார். அவர் விரலைப் புடிச்சு அந்த மேட்டு மேல வச்சேன். மனுசன் சுட்ட மாதிரி கையை இழுத்துக்கிட்டார். "என்னக்கா இது?"ன்னார்.

ரெண்டாவது விசயம் அதுதான். என்னன்னு நான் சொல்லணுமா? திரும்பி ஜெசிந்தாவைப் பாத்தேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு. கட்டுப் போட்ட கையால தன் கழுத்தைத் தொட்டுக்கிட்டு நிக்கறாங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு. உள்ள இருக்கறது கயிறு, கட்டினது இந்தம்மா. கடையில அத்தனை பேர் முன்னாடி, அந்த வெடுக்குப் பேச்சுக்காரர் முன்னாடி, அதை என் வாயால சொல்லி என்ன ஆகப் போகுது? "நாய் டாக்டரம்மா பாத்துச் சொல்லட்டும், மொதல்ல கெளம்புங்க"ன்னேன். குட்டியானை வண்டியைத் திருப்பித் தாட்டி உட்டுட்டு, வரிசையில இருந்தவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு, நானும் அவங்க கார்லயே ஏறிட்டேன்.

டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு, கழுத்து முடியைச் சுத்தமா வழிச்சு எடுத்தாங்க. அப்பத்தான் நாங்க எல்லாரும் பாத்தோம். அதை விவரமாச் சொல்ல மாட்டேன். பொடனியில ஆழமா எறங்கியிருந்துச்சு. உள்ள இருந்து எடுத்து, கழுவி, தட்டுல போட்டாங்க. ஒரு கருப்புக் கயிறு. சுண்டு விரல்ல கால்வாசி தடிமன்கூட இல்ல.

அருளுக்குக் கண்ணு செவந்து போச்சு. "எவன் வேலை இது? அந்தப் பக்கத்து வீட்டுப் பசங்கதான். கட்டி விட்டுட்டு, அப்புறம் கடிக்குதுன்னு வேற வந்து கத்துனானுங்களா?"ன்னு போனை எடுத்தார். போன் காதுக்குப் போயிருச்சு.

"நான்தாங்க கட்டினேன்"ன்னாங்க ஜெசிந்தா.

அவர் போனை எறக்கினார்.

"பொங்கலை ஒட்டி வனத்து அந்தோணியார் திருவிழாவுக்குத் தூக்கிட்டுப் போனேன்ல. ஃபாதர் தீர்த்தம் தெளிச்சார். வெளியே கடையில அந்தோணியார் சுரூப டாலர் கோத்த கயிறு வாங்கி, மந்திரிச்சு, நான்தான் கட்டினேன். நாலு விரல் நுழையற மாதிரி லூசாத்தான் கட்டினேன்."

ஆடு, மாடு, நாய், கோழி எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டுப் போய் அந்தோணியார்கிட்ட நிறுத்தி மந்திரிச்சுட்டு வர்றது அவங்க வழக்கம். மொதக் குட்டி செத்த பயம் இருந்ததால, இந்தம்மா இவனைத் தூக்கிட்டு மொத ஆளாப் போய் நின்னிருக்காங்க.

"அது அப்பவே அறுந்து விழுந்துருச்சே!"ன்னார் அருள். "சுரூபத்தை நீதானே எடுத்துப் பீடத்துல வச்சிருந்தே. நான் பாத்தேனே."

"கூட்டறப்போ சுரூபம் மட்டும்தான் கெடந்துச்சு. கயிறு இல்ல. நீங்கதான் அறுத்து வீசிட்டீங்கன்னு நெனச்சுட்டேன்."

"நானா? நான் எதுக்கு அறுக்கறேன்?"

"கட்டின அன்னைக்கே, நாய்க்கெல்லாம் எதுக்கு இந்தக் கோலம்னு கேட்டீங்கல்ல."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது ஜெசி. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா சண்டை வரும்னு பேசாம இருந்துட்டேன்."

அவ்வளவுதான் நடந்தது. சுரூபத்தோட வளையம் விரிஞ்சு அது மட்டும் விழுந்துருச்சு. கயிறு கழுத்துலயே இருந்துருச்சு. முடி அடர்ந்து மூடிருச்சு, குட்டி வளந்துருச்சு, கயிறு வளரல. அவர் அது விழுந்துட்டதா நெனச்சார், இவங்க அவர் அறுத்துட்டதா நெனச்சாங்க. ஒரே ஊட்டுல, ஒரே நாயை ரெண்டு பக்கமும் தடவிக்கிட்டு.

நான் நெசவுக்காரி, நூல் தெரியும் எனக்கு. அந்தக் கயிறைத் தொட்டுப் பாத்தேன். மந்திரிச்ச கயிறை நம்ம அறுக்கக் கூடாது, தானா அறுந்து விழணும்னு சொல்லுவாங்க, அவங்க சனத்துலயும் சரி, எங்க சனத்துலயும் சரி. அது பருத்தி நூலாக் கட்டின காலத்துச் சட்டம் சாமி. பருத்தி நனைஞ்சு நனைஞ்சு இத்துப்போய் தானா உழுந்துரும். இப்ப விக்கறது நைலான். அத்தனை மாசம் தோலுக்குள்ள கெடந்தும் ஒரு இழைகூட நையல. அன்னைக்கு வாங்கின மாதிரியே கெடந்துச்சு.

ஜெசிந்தா அழுவாங்கன்னு எதிர்பாத்தேன். அழல. தன்னோட கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் என்கிட்ட மெதுவாச் சொன்னாங்க, "தினம் சீவினேனேக்கா. அந்த எடத்துல கத்தினான். சிக்கு இருக்குதாக்கும்னு அழுத்தி அழுத்திச் சீவினேன். அவன் கத்தக் கத்தச் சீவினேனேக்கா."

அதைக் கேட்டுட்டு நான் அன்னைக்கு ஊட்டுக்குப் போய் சோறு தின்னல. நான் சொன்னபடிதான் அவங்க செஞ்சாங்க. நானும் தப்பாச் சொல்லல. இருந்தும் நடந்தது நடந்து போச்சு. யாரைத் திட்டறதுன்னே தெரியல, திட்ட ஆள் இருந்திருந்தா கொஞ்சம் மனசு ஆறியிருக்கும்.

அன்னையில இருந்து கடையில சீப்பைக் கொடுக்கறதுக்கு முன்னாடி விரலை உடச் சொல்லிக் கொடுத்தேன். மொதல்ல வெறும் விரல், தோல் வரைக்கும், கழுத்தைச் சுத்தி, அக்குள், வாலுக்கடி. அப்புறம்தான் சீப்பு. நாய் ஒரே எடத்துல தினம் கத்துச்சுன்னா அது அடம் இல்ல. அந்த எடத்துக்கு ஒரு காரணம் இருக்கும்னு சொல்லி அனுப்புங்க. நீங்களும் அதை மறந்துராதீங்க.

பூந்தி தோப்புக்குப் போகல. காயம் ஆறுச்சு. பக்கத்து வீட்டுப் பாப்பா கொஞ்ச நாள்ல மறுபடியும் கழுத்தைக் கட்டிக்கிச்சு, இவன் மல்லாக்கப் படுத்துக் காட்டினான். அந்த வாசல் சண்டையும் அதோட போச்சு. முடி திரும்ப வளந்து எல்லாத்தையும் மூடிருச்சு. ஜெசிந்தா கையில சோறு திங்கறான், ஜெசிந்தா காலடியில தூங்கறான், அவங்க கடைக்குப் போய்ட்டு வந்தா ஊடே இரண்டுபடக் குதிக்கறான். ஒன்னே ஒன்னுதான். அந்தம்மா கையில சீப்பைப் பாத்தா போதும், கட்டிலுக்கடியில போய்ப் படுத்துக்கிட்டு அங்கேயே மூத்திரம் உட்டுருவான்.

அருள் சீப்பை எடுத்தா நின்னான். நான் எடுத்தா நின்னான். அவங்க எடுத்தா மட்டும்தான் அப்படி.

அதனால ஊட்டுல சீவற வேலை அருள் தலையில விழுந்துச்சு. மனுசன் லாரிக்கு கிரீஸ் அடிக்கிற மாதிரி சீவுவார், பாதி சிக்கு அப்படியே இருக்கும். மிச்சத்துக்கு நம்ம கடைக்குக் கொண்டாருவாங்க. நான் உள்ள சீவறப்போ ஜெசிந்தா கண்ணாடிக்கு வெளியே பெஞ்சுல உக்காந்துக்குவாங்க. உள்ள வாங்கன்னா, "வேண்டாம்க்கா, நான் வந்தா நடுங்குவான்"ம்பாங்க. கண்ணாடி வழியா என் கையையே பாத்துக்கிட்டிருப்பாங்க. ஆசை ஆசையாத் தலை சீவி உட்ட புள்ளையை அடுத்தவ சீவறதை வாசல்ல நின்னு பாக்கற மாதிரி.

ரொம்ப நாள் கழிச்சு ஒரு நாள் அவங்களே கேட்டாங்க. "அக்கா, நீங்க முன்னாடி நின்னு அவன் மூஞ்சியைப் புடிச்சுக்கங்க. நான் பின்னாடி நின்னு ஒரே ஒரு தடவை சீவட்டுமா? சத்தம் போடாம வாரேன். நீங்கன்னு நெனச்சுக்குவான்."

சரின்னேன். நான் அவன் தாடையைக் கையில ஏந்திக்கிட்டு, "டேய் பூந்தி, தீபாவளிக்கு என்னடா சட்டை"ன்னு சும்மா எதையோ பேசிக்கிட்டிருந்தேன். செருப்பைக் கழட்டிட்டு அவங்க உள்ள வந்தாங்க. மூச்சுக்கூட உடல. பெரிய பல் சீப்பை எடுத்து, முதுகுல வச்சு, மெதுவா ஒரு இழுப்பு.

அவன் காது அசைஞ்சுது. மூக்கு விரிஞ்சுது. தலையைப் பாதி பின்னாடி திருப்பினான். காத்தை ஒரு தடவை நல்லா இழுத்தான், ஒரு பெருமூச்சு உட்டான், திரும்பவும் தாடையை என் கையில வச்சுக்கிட்டு நின்னான். பின்னாடி அந்தம்மா பக்கமாக் கொஞ்சம் சாஞ்சுக்கக்கூட செஞ்சான்.

அவங்க கண்ணுல தண்ணி கொட்டுது, சத்தம் வரக் கூடாதுன்னு முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டாங்க. சீவி முடிச்சுட்டு பூனை மாதிரி வெளியே போயிட்டாங்க.

நான் கையைக் கழுவிட்டு வெளியே வந்தேன். "பாத்தீங்களாக்கா, நீங்கன்னே நெனச்சுட்டான். ஏமாத்திட்டேன்"ன்னு சிரிச்சுக்கிட்டே அழுதாங்க.

"ஏமாறல சாமி. நாய்க்கு மூக்கு இல்லையா? நீங்கன்னு தெரிஞ்சுதான் நின்னான்."

"சும்மா மனசு ஆறட்டும்னு சொல்லாதீங்கக்கா. தெரிஞ்சிருந்தா நின்னிருப்பானா?"

எத்தனையோ சொல்லிப் பாத்தேன். அவன் மூக்கு விரிஞ்சதைச் சொன்னேன், சாஞ்சதைச் சொன்னேன். "அடுத்த வாட்டி பேரைச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே சீவிப் பாருங்களேன்"ன்னேன். தலையை ஆட்டி, "இருக்கறதையும் கெடுத்துக்க மாட்டேன்க்கா"ன்னுட்டாங்க. அதுக்கு மேல நான் அழுத்தல. ஒரு தடவை அழுத்துங்கன்னு சொல்லி நடந்தது போதும்னு இருந்துச்சு.

அப்புறம் அதுவே பழக்கமாப் போச்சு. ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கழட்டி வச்சுட்டு வருவாங்க, ஒரு வார்த்தை பேசாம சீவுவாங்க, ஒரு வார்த்தை பேசாம போவாங்க. அவன் ஒவ்வொரு தடவையும் மூக்கை விரிப்பான், பெருமூச்சு உடுவான், சாஞ்சுக்குவான். வருசங்கள் ஓடிப் போச்சு. அவன் மூஞ்சி நரைச்சுப் போச்சு. என் மணிக்கட்டும் போச்சு. நான் கடையை உட்டு எறங்கினேன்.

போன மாசம் ரெண்டு பேரும் எங்க ஊட்டுக்கு வந்தாங்க. அருள் கையில பழப்பை. பாத்த ஒடனே தெரிஞ்சுக்கிட்டேன்.

காபி போட்டுக் கொடுத்தேன். ஜெசிந்தாதான் சொன்னாங்க. கடைசியில அவனால எந்திரிக்கவே முடியலையாம். படுத்தே கெடந்ததுல முடியெல்லாம் சிக்கு விழுந்துருச்சாம். டாக்டரம்மா வந்து பாத்துட்டு, இனிமே ஒன்னும் செய்யறதுக்கில்ல, நிம்மதியா இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களாம். அருள் மருந்து வாங்கப் போயிருந்தாராம்.

"எப்படியாச்சும் சுத்தமா அனுப்பணும்னு தோணுச்சுக்கா. வேற யாரும் இல்ல. நானே சீப்பை எடுத்துட்டுப் போய் அவனுக்கு முன்னாடி உக்காந்தேன். பயந்து நகரப் பாப்பான்னுதான் நெனச்சேன். அவன் சீப்பைப் பாத்தான். என்னையப் பாத்தான். அப்புறம் கழுத்தை நீட்டி, பொடனியைக் காட்டிக்கிட்டு தாடையை என் மடியில வச்சுக்கிட்டான்க்கா. சீவுன்னு."

நான் அன்னைக்கே சொன்னேனேன்னு ஒரு வார்த்தை என் வாய் வரைக்கும் வந்துச்சு, காபியோட முழுங்கிட்டேன்.

"அப்ப எல்லா தடவையும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, இல்லக்கா?"

"தெரியும் சாமி."

அருள் சன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார். ஜெசிந்தா டம்ளரைக் கீழ வச்சுட்டு, என் தேஞ்சுபோன மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டாங்க.

"அவ்வளவு வருசம் வாயைப் பொத்திக்கிட்டுச் சீவினேனேக்கா. அவன்கிட்டப் பேசிக்கிட்டே சீவியிருக்கலாமே."